துள்ளும் பாரியும் பூக்காரம்மாவின் கூடையும்

எங்கள் லேப்ரடார் பாரிக்கு அப்போது ஏழு மாதம், எடை 25 கிலோ. ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை காலை, கேட்டைத் தாழ் போடாமல் விட்டிருந்தோம். தெருமுனையில் பூக்காரம்மாவின் குரல் கேட்டதுதான் தாமதம், வெளியே பாய்ந்துவிட்டான். தினமும் தன் தலையைத் தடவிவிட்டுப் போகிறவர் அல்லவா? ஓடிய வேகத்தில் இரண்டு முன்னங்கால்களையும் தூக்கி அவர் நெஞ்சில் வைத்தான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. கூடை விழுந்தது. திருச்சி உறையூர் வெக்காளியம்மன் கோயில் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டிய மல்லிகைச் சரமெல்லாம் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. பாரியோ வாலை ஆட்டியபடி அவர் கையை நக்கிக்கொண்டிருந்தான்.

நான் ஓடிப்போய் அவனைப் பிடித்தேன். பூக்காரம்மா திட்டவில்லை. "கடிக்க வரல டீச்சர், பாசமாத்தான் வந்தான். ஆனா நான் விழுந்து இடுப்பு ஒடிஞ்சிருந்தா, பாசம்னு சொல்லிட்டுப் போயிட முடியுமா?" என்றார்.

பூவுக்கான பணத்தை அன்றே கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கொடுக்க மேலும் நான்கு மாதம் பிடித்தது. பாரிக்கு இப்போது மூன்று வயது. லேப்ரடார் குட்டி வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்கும்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் தொடங்குகிறேன். நாயைப் பழக்குவது என்றால் எல்லோரோடும் விளையாட விடுவது என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எதைப் பார்த்தாலும், யாரைப் பார்த்தாலும் பதறாமல், பாயாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பழக்குவது. இதைப் புரிந்துகொள்ள நாங்கள் கடந்துவந்த வழியைச் சொல்கிறேன்.

வாயால் வாழ்ந்த இனம்

பெயர் லேப்ரடார் என்றாலும் இந்த இனத்தின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவைச் சேர்ந்தவை. அங்கே மீனவர்களோடு கடலுக்குப் போய், வலையிலிருந்து நழுவிய மீனையும் மிதக்கும் கயிற்றையும் வாயால் கவ்விக்கொண்டு வருவதுதான் அவற்றின் வேலை. பிறகு இங்கிலாந்துப் பிரபுக்கள் அவற்றை வரவழைத்து, சுட்டு வீழ்த்திய பறவைகளைச் சேதமில்லாமல் எடுத்துவரப் பழக்கினார்கள். 1903இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

இந்த வரலாறு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் மகளின் காலுறை, அத்தையின் மூக்குக்கண்ணாடிக் கூடு, கொடியில் காய்ந்த துண்டு என்று எதைக் கண்டாலும் பாரி வாயில் தூக்கிக்கொண்டு ஓடுவான். தலைமுறை தலைமுறையாக அதற்கென்றே வளர்க்கப்பட்ட பிராணி தூக்கத்தான் செய்யும். நாங்கள் துரத்தினால் அது அவனுக்கு விளையாட்டு. அதனால் துரத்துவதை நிறுத்தினோம். அவன் எதையாவது கவ்வி வந்தால், கையில் வேகவைத்த கோழி ஈரல் துணுக்கை வைத்துக்கொண்டு "விடு" என்போம். வாயிலிருப்பதைப் போட்டதும் ஈரல் கிடைக்கும். ஆபத்தில்லாத பொருளாக இருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுவோம். கொடுத்தால் போய்விடும் என்ற பயம் அவனுக்கு வராமலிருக்க இந்தத் திருப்பிக் கொடுத்தல் மிக முக்கியம். பிடுங்கிப் பிடுங்கி வளர்த்த நாய்தான் பின்னால் பொருளைக் காத்துக்கொண்டு உறுமும். இல்லாவிட்டால் யார் கைக்கும் எட்டுமுன் விழுங்கிவிடும். லேப்ரடார்கள் காலுறையையும் மாங்கொட்டையையும் விழுங்கி, குடலில் அடைத்து, அறுவைச் சிகிச்சை வரை போவது கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம்.

தோளில் தூக்கிக்கொண்டு ஊர் பார்த்தது

பொங்கல் முடிந்த வாரம், எட்டு வாரக் குட்டியாகப் பாரி வந்தான். தடுப்பூசி எல்லாம் முடியும்வரை, அதாவது நான்கு மாதம் ஆகும்வரை, வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் டாக்டர் மட்டும் தலையை ஆட்டினார். "தரையில விடாதீங்க. ஆனா தூக்கிட்டுப் போங்க. ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா, உலகத்தைப் பாக்க வேண்டிய வயசு போயிடும்" என்றார்.

அவர் சொன்னதன் பின்னணியைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை, புதியவற்றை அச்சமில்லாமல் ஏற்கும் பருவம் என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. இன்றைய மருத்துவர்கள் அதைப் பதினான்கு வாரம் வரை என்றும் சொல்வார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் மாசி மாதத்துக்குள் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். எங்கள் கையில் இருந்தது ஐந்தாறு வாரம்தான்.

பார்வோ என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தெருத் தரையில் அவன் கால் படவே இல்லை. பள்ளியிலிருந்து வந்ததும் துணித் தொட்டில் மாதிரி ஒரு துப்பட்டாவைத் தோளில் கட்டி, அவனை உள்ளே வைத்துக்கொண்டு கிளம்புவேன். உறையூர்க் கடைத்தெருவில் பத்து நிமிடம் நிற்போம். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, சத்தம் அதிகம் எட்டாத தூரத்தில் ஒரு பத்து நிமிடம். தலைக்கவசம் போட்டவர், குடை பிடித்தவர், ஊன்றுகோல் வைத்தவர், பர்தா அணிந்தவர், தாடி வைத்தவர், சீருடைப் பிள்ளைகள், தள்ளுவண்டி, கரும்புச்சாறு இயந்திரம் என்று எல்லாவற்றையும் அவன் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் வாயில் ஒரு துணுக்கு தீனி.

இதில் ஒரு விதியை மட்டும் மீறவே இல்லை. அவன் காது பின்னால் மடங்கினாலோ, உதட்டை நக்கிக்கொண்டாலோ, தீனியை மறுத்தாலோ, இன்னும் பத்தடி தள்ளி நிற்போம். பயப்படுகிற குட்டியை "ஒண்ணுமில்லடா, பாரு" என்று பக்கத்தில் கொண்டுபோவது பழக்குவது ஆகாது. பயத்தை அழுத்தமாகப் பதியவைப்பதுதான் நடக்கும். எரிவாயு சிலிண்டரை உருட்டிவரும் சத்தத்துக்கு முதல் நாள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தான். அடுத்தமுறை சிலிண்டர் வந்தபோது மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்விட்டேன். அங்கிருந்து சத்தம் மெல்லியதாகக் கேட்டது. கேட்கக் கேட்கத் தீனி. மூன்றாவது முறை பின்கட்டு, நான்காவது முறை கூடம். இன்றைக்கு சிலிண்டர் வந்தால் தூங்குகிற இடத்திலிருந்து எழுந்திருப்பதில்லை.

டாக்டரிடமும் ஊசி இல்லாத நாட்களில் போனோம். எடை பார்ப்பது, அங்கிருப்பவர் கையால் ஒரு பிஸ்கட் வாங்கித் தின்பது, திரும்பிவருவது. அவ்வளவுதான். வீட்டில் தினமும் பாதம், காது, வாய், வால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்போம். இன்று நகம் வெட்டவும், உண்ணி பார்க்கவும், காது துடைக்கவும் அவனை ஒருவரே பிடித்துக்கொள்ள முடிகிறது.

பல் பட்ட நாள்

பதினொரு வாரத்தில் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு எட்டு வயதுப் பையன் விளையாடிக்கொண்டிருந்தபோது பாரியின் பல் கையில் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை, ஒரு சிவப்புக் கோடுதான். பாரிக்கு ரேபிஸ் தடுப்பூசி இன்னும் போடவில்லை; அது மூன்று மாதத்தில்தான் போடுவார்கள். "குட்டிதானே, பால் பல்லு" என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். பிறகு பையனின் அம்மாவோடு அரசு மருத்துவமனைக்குப் போனோம். 0, 3, 7, 28 என்று நாள் குறித்து நான்கு முறை ஊசி போட்டார்கள். நான்கு முறையும் நானே அழைத்துப் போனேன். நோய் வந்துவிட்டால் ரேபிஸுக்கு மருந்து கிடையாது. வருமுன் தடுப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. குட்டியோ பெரியதோ, வீட்டு நாயோ தெரு நாயோ, பல் பட்டால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அன்றிலிருந்து கடியை விளையாட்டாக எடுத்துக்கொள்வதை நிறுத்தினோம். அடிக்கவோ, வாயைப் பிடித்து அழுத்தவோ இல்லை. அப்படிச் செய்தால் குட்டி இன்னும் வெறி கொள்ளும், அல்லது கையைப் பார்த்தாலே பயப்படும். பல் தோலில் பட்ட நொடியில் விளையாட்டு முடிந்துவிடும். நாங்கள் எழுந்து, குறுக்கே வைத்த தட்டிக்கு அந்தப் பக்கம் போய், அரை நிமிடம் அவனைப் பார்க்காமல் நிற்போம். திரும்பி வந்ததும் கவ்வுவதற்கு முறுக்கிய துணியைக் கொடுப்போம். மூன்று வாரத்தில் பல்லின் அழுத்தம் குறைந்தது. ஐந்து மாதத்தில் கையைக் கடிப்பது நின்றது.

நான்காவது மாதத்தில் பால் பற்கள் 28ம் விழத் தொடங்கும். ஆறேழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடும். இந்தக் காலத்தில் ஈறு நமைச்சல் தாங்காது. துண்டை நனைத்து, முறுக்கி, ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தோம். பெரிய கேரட்டையும் அப்படியே உறையவைத்துக் கொடுத்தோம். பழைய செருப்பைக் கடிக்கக் கொடுக்காதீர்கள். எது பழையது, எது நேற்று வாங்கியது என்று அதற்குத் தெரியாது.

தூங்காத பிள்ளை மாதிரி

மாலை ஏழு மணி ஆனால் பாரிக்குப் பேய் பிடிக்கும். கூடத்தில் சோபாவைச் சுற்றிச் சுற்றி ஓடுவான், முந்தானையைப் பிடித்து இழுப்பான், குரைப்பான். சக்தி மிச்சமிருக்கிறது, ஓடட்டும் என்று பந்து எறிந்தோம். இன்னும் மோசமானான்.

ஒரு வாரம் அவன் எப்போது தூங்கினான் என்று நோட்டில் குறித்துப் பார்த்தேன். நாய்க்குட்டிக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பாரி பதிமூன்று மணி நேரம்தான் தூங்கியிருந்தான். வீட்டில் எப்போதும் ஆள் நடமாட்டம், யார் எழுந்தாலும் அவனும் எழுவான். தூக்கம் போதாத கைக்குழந்தை எப்படி அழுமோ, அதைத்தான் அவன் ஓடியும் கடித்தும் செய்துகொண்டிருந்தான். அதன்பிறகு ஒரு மணி நேரம் விழித்திருந்தால் இரண்டு மணி நேரம் தூக்கம் என்று வைத்துக்கொண்டோம். மாடிப்படிக்குக் கீழே தட்டி கட்டி, ஜன்னலுக்குத் திரை போட்டு, அவனுக்கென்று ஓர் இடம் ஒதுக்கினோம். அங்கே இருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. பத்து நாளில் ஏழு மணி ஆட்டம் பாதியாகக் குறைந்தது.

சிறுநீர்ப் பழக்கமும் இதோடு சேர்ந்து வந்துவிட்டது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் கொல்லைப்புறத்தில் அதே செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிற்போம். போனதும் பாராட்டு. உள்ளே போய்விட்டால் திட்டாமல் துடைத்துவிடுவோம். நான்கு மாதம் முடிவதற்குள் கேட்காமலே கதவுப் பக்கம் போகத் தொடங்கினான்.

ஓட்டி ஓட்டி நாங்கள் செய்த தவறு

ஐந்தாம் மாதத்தில் நான் மிகப் பெரிய தவறு செய்தேன். "லேப்ரடாரா? நல்லா ஓட்டுங்க, களைச்சுப் படுத்துடும்" என்று சொன்னவர்களை நம்பினேன். என் கணவர் காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் அவனோடு ஓடினார். மகள் மொட்டைமாடியில் பந்தை ஐம்பது முறை, அறுபது முறை எறிவாள். ஒரு மாதத்தில் பாரி களைக்கவில்லை. பந்தயக் குதிரை மாதிரி தேறிவிட்டான். அரை மணி நேரத்தில் அடங்கியவனுக்கு இப்போது இரண்டு மணி நேரம் போதவில்லை. ஆள் நடந்தாலே பந்து வரப்போகிறது என்று துள்ளினான். பூக்காரம்மாவின் கூடை கவிழ்ந்தது அதற்கடுத்த மாதத்தில்தான்.

டாக்டர் வேறொரு ஆபத்தையும் சொன்னார். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். எலும்பு வளர்ந்து முடியாத வயதில் நீண்ட ஓட்டமும், வழுவழுப்பான டைல்ஸ் தரையில் வழுக்குவதும், படியிறங்கிக் குதிப்பதும் மூட்டைக் கெடுக்கும். ஸ்கூட்டருக்குப் பின்னால் நாயைக் கட்டி ஓட்டுகிறவர்களைத் தெருவில் பார்க்கிறோமே, தயவுசெய்து அதை எந்த வயதிலும் செய்யாதீர்கள்.

ஓட்டத்தைக் குறைத்து, மூக்குக்கும் மூளைக்கும் வேலை கொடுத்தோம். காலைத் தீனியைக் கிண்ணத்தில் வைக்காமல் கொல்லைப் புல்லில் தூவிவிட்டோம். இருபது நிமிடம் மோந்து மோந்து தேடித் தின்றான். சாயங்காலம் பழைய துண்டில் தீனியைச் சுருட்டிக் கொடுத்தோம். நடையில் வேகத்தை விட்டுவிட்டு, அவன் நின்று மோப்பம் பிடிக்கும் இடத்தில் நாங்களும் நின்றோம். மோந்து பார்த்தபடி அரை மணி நேரம் நடந்த நாய் நிம்மதியாகத் தூங்குகிறது என்பதைக் கண்ணால் கண்டோம்.

இரண்டாவதாக, சும்மா இருக்கக் கற்றுக்கொடுத்தோம். ஒரு கெட்டிச் சாக்கை மடித்து விரித்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்த உட்காருவேன். பாரி தானாகச் சாக்கின் மேல் படுத்தால், ஒன்றும் சொல்லாமல் அவன் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு துணுக்கு தீனியை வைப்பேன். எழுந்துவிட்டால் திட்டும் இல்லை, தீனியும் இல்லை. முதல் நாள் ஐந்து விநாடி. ஒரு வாரத்தில் இரண்டு நிமிடம். ஒரு மாதத்தில் நான் ஒரு கட்டுத் தாள் திருத்தி முடிக்கும்வரை படுத்திருந்தான். அதன்பிறகுதான் அதற்கு "இடம்" என்று ஒரு சொல் வைத்தோம். பிறகு அந்தச் சாக்கு எங்களோடு திண்ணைக்கு வந்தது, டீக்கடைப் பக்கத்துக்கு வந்தது, டாக்டரின் காத்திருப்பு அறைக்கும் வந்தது. பாரியின் வாழ்க்கையை மாற்றியது எது என்று என்னைக் கேட்டால், பத்து ரூபாய் பெறாத அந்தச் சாக்குதான் என்பேன்.

நாலு காலும் தரையில்

ஆள் மேல் பாய்வதை நிறுத்த முழங்காலால் இடிக்கச் சொல்வார்கள், காலை மிதிக்கச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். அவன் பாய்வது நம் முகத்துக்காக, கைக்காக, குரலுக்காக. பாய்ந்தால் மூன்றும் கிடைக்கக் கூடாது. நாலு காலும் தரையில் இருந்தால் மூன்றும் கிடைக்க வேண்டும். பாய்ந்தால் முதுகைத் திருப்பிக்கொள்வோம். தரையில் நின்றால் உடனே குனிந்து கொஞ்சுவோம். பிறகு ஒரு படி மேலே போய், உட்கார்ந்தால்தான் கொஞ்சல்.

சொல்வது சுலபம். வீட்டில் நான்கு பேரும் ஒரே மாதிரி செய்வதுதான் கடினம். ஒருவர் "சிட்" என்பார், ஒருவர் "உக்காரு" என்பார், இன்னொருவர் "படு" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொற்களை முடிவு செய்து காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டினோம்: உட்கார், இடம், விடு, வா. "வா" என்று கூப்பிட்டுத் திட்டக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது என்பதும் அதில் ஒரு வரி. வந்தால் நல்லது நடக்கும் என்று நம்பினால்தான் ஆபத்தான நேரத்தில் வருவான்.

பெரிய தடை அத்தைதான். பேரன் மாதிரி அவன்மேல் பாசம். மடியில் ஏறவிட்டு பிஸ்கட் கொடுப்பார். தடுத்தால் மனசு வருந்துவார். அதனால் தடுக்காமல் ஒரு வேலை கொடுத்தோம். சின்னச் சம்படத்தில் வெள்ளரித் துண்டும் கேரட் துண்டும் போட்டு அவர் கையில் கொடுத்து, "அத்தை, இவன் உக்காந்தா மட்டும் நீங்க குடுங்க. உங்க பேச்சத்தான் கேப்பான்" என்றேன். ஒரு வாரத்தில் பாரி அத்தையைக் கண்டாலே தரையில் உட்கார்ந்தான். "வான்னா வர்றான், உக்காருன்னா உக்கார்றான், இவன் அப்பனவிடச் சொன்ன பேச்சு கேக்குறான்" என்று தெருவெல்லாம் சொன்னார். எங்கள் வீட்டில் அவனுக்கு மிகச் சிறந்த ஆசிரியர் எழுபது வயதான என் அத்தைதான்.

தெருவும் கயிறும்

எங்கள் தெருவில் மூன்று நாட்டு நாய்கள் உண்டு. தெரு அவற்றுடையது, நாம் வந்தவர்கள் என்ற நினைப்போடுதான் பாரியை அழைத்துப்போனேன். எதிரே நேராகப் போகாமல் வளைந்து, சற்றுத் தள்ளிப் போவோம். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நம் பதற்றம் நாய்க்கு ஓடிவிடும். அதனால் தளர்வாகப் பிடிப்போம். மூத்த பெண் நாய் கறுப்பி அமைதியாகப் பக்கவாட்டில் வந்தால் மூன்று விநாடி மோந்துகொள்ள விட்டு, "வா" என்று நகர்ந்துவிடுவேன். பார்க்கிற எல்லா நாயோடும் விளையாட விட்டால், பின்னால் எந்த நாயைப் பார்த்தாலும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடத் தோன்றும். பார்த்துவிட்டு நம்மோடு நடந்துவருவதுதான் பாடம்.

கயிற்றை இழுப்பதற்கு ஒரே மருந்து நிற்பது. இழுத்தால் மரம் மாதிரி நின்றுவிடுவேன். திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்தால் நடப்பேன். முதல் வாரம் தெருமுனைக்குப் போகவே இருபது நிமிடம் ஆனது; சில நாள் அதுவரைக்கும் போய்த் திரும்பியதுதான் நடை. இரண்டு மாதத்தில் சுண்டுவிரலில் கயிற்றை மாட்டிக்கொண்டு நடந்தேன். கழுத்துப் பட்டையைவிட நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் நல்லது.

திருச்சி வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் காலை ஏழு மணிக்குள், மாலை ஆறரைக்குப் பிறகுதான் நடை. புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. சூடு என்று முடியை மழித்துவிடாதீர்கள். அந்த இரட்டை அடுக்கு முடி வெயிலிலிருந்தும் காக்கிறது.

பசி தீராத வயிறு

லேப்ரடார் பசிக்கிற மாதிரிப் பார்ப்பதை நம்பக் கூடாது. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியையும் எடையையும் கூட்டும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதாகக் கண்டார்கள். 2002இல் வெளியான இன்னொரு நீண்ட ஆய்வில் 48 லேப்ரடார்களைப் பிறந்தது முதல் கடைசிவரை கவனித்தார்கள். அளவாகத் தின்று ஒல்லியாக இருந்தவை மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டு அதிகம் வாழ்ந்தன. கேட்கும்போதெல்லாம் கொடுப்பதால் அதன் ஆயுள்தான் குறையும்.

பயிற்சிக்குக் கொடுக்கும் துணுக்குகளைக் காலையிலேயே அன்றைய அளவிலிருந்து எடுத்துத் தனியே வைப்போம். விலாவைத் தடவினால் எலும்பு லேசாகக் கையில் தட்டுப்பட வேண்டும். அதுதான் எங்கள் தராசு. பால்சோறு கொடுத்து வயிறு கெட்டபின் அதை நிறுத்தினோம். வெங்காயம், சாக்லேட், திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் அதில் சேர்த்தி என்பது பலருக்குத் தெரியாது. வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும்.

முதல் தீபாவளி

ஆடி மாதமே தீபாவளிக்குத் தயாரானோம். கைப்பேசியில் வெடிச்சத்தத்தை, காதருகே வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு மெல்ல ஓடவிட்டு, அவன் தீனி தேடும் நேரத்தில் கேட்கவைத்தோம். வாரத்துக்கு வாரம் ஒரு புள்ளி கூட்டினோம். ஒரு நாள் அவசரப்பட்டுக் கூட்டியபோது தின்பதை நிறுத்திவிட்டான். அன்றே பழைய அளவுக்குத் திரும்பினோம். தீபாவளியன்று இருட்டுமுன் நடை முடித்து, உள்ளறையில் திரை போட்டு, மின்விசிறியும் பாட்டும் ஓடவிட்டு, சாக்கை விரித்தோம். கழுத்துப் பட்டையில் எங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு இருந்தது. வெடிக்குப் பயந்து ஓடி வழி தெரியாமல் போகும் நாய்கள் ஏராளம். முதல் அரை மணி நேரம் மூச்சிரைத்தான். பிறகு என் காலடியில் தலைவைத்துத் தூங்கினான்.

அந்தத் தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை. கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பாரியைக் கயிற்றோடு உட்காரவைத்திருந்தேன். பூக்காரம்மா தெருமுனையில் குரல் கொடுத்தார். பாரியின் உடம்பு முழுதும் நடுங்கியது, வால் தரையைப் பெருக்கியது. ஆனால் எழவில்லை. அவர் கிட்டே வந்து கூடையை இறக்கி வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாரி என்னை ஒருமுறை பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான், உட்கார்ந்தே இருந்தான்.

"டீச்சர், பாருங்க, நம்ம புள்ள பெரியவனாயிட்டான்" என்று சொல்லி, அவன் தலையில் கைவைத்தார் பூக்காரம்மா. அன்று ஒரு முழம் மல்லிகைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

லேப்ரடார் குட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் குட்டி பத்துப் பன்னிரண்டு வருடம் உங்களோடு இருக்கும். முதல் ஒன்றரை வருடம் தினமும் இரண்டு மணி நேரம் அதற்காக ஒதுக்க முடியுமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டு, எட்டு மாதத்தில் அடக்க முடியவில்லை என்று யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறவராக இருந்தால், அந்த முடிவை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். இன்றைக்கே ஒரு சாக்கை விரித்து, பக்கத்தில் உட்காருங்கள். அது படுக்கும். படுத்ததும், முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு துணுக்கு வையுங்கள்.